அம்மாவின் வலது கண்ணும் கிளிப்பச்சைச் சுவரும்

28-12-2024, சனி

காலை பத்து மணிக்கு அம்மாவின் கண்கட்டை அவிழ்த்தார்கள். நேற்றுதான் வலது கண்ணில் புரை எடுத்தது. உள்ளே வைத்த லென்ஸின் அட்டையையும் கொடுத்தார்கள். மதுரையில் செய்தது. 1992 முதல் மதுரை ஆரோலேப்பில் இந்த லென்ஸ்களைச் செய்கிறார்கள்; அதனால்தான் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மக்களே, இந்தச் சொவருக்கு எப்போ கலரு அடிச்சிய?" என்று கேட்டாள். யாரும் அடிக்கவில்லை. ஜூனில் நாங்கள் குடிவந்தபோதே அந்த அறை கத்திரிப்பூ நிறம்தான். ஆறு மாதமாக அம்மா அதைச் சாம்பல் நிறம் என்று நினைத்திருக்கிறாள்.

உள்ளங்கையைக் கண்ணில் படாமல் எட்டப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்த்தாள். இடது கண்ணுக்குப் பழைய சாம்பல். வலது கண்ணுக்குக் கத்திரிப்பூ. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பேறுமாம். நீலமும் ஊதாவும் அதில் வடிந்துபோய்விடுமாம். புரையை எடுத்ததும் அவை திடீரென்று பளீரென்று தெரியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்கு அந்தப் பளீர் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

29-12-2024, ஞாயிறு

ஹாலில் வைத்து அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். கண் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கிளிப்பச்சைச் சுவரில் பட்டு அம்மாவின் முகம், சேலை, கண் எல்லாவற்றிலும் பச்சையாக விழுகிறது. பால்கனிக்குக் கூட்டிப்போய்த்தான் பார்த்தேன். சிவப்பு இல்லை.

சுவரை மாற்றியே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆபரேஷன் செலவு போக ஏலச்சீட்டுப் பணத்தில் மிச்சம் 7,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் எடுப்பதற்கில்லை. தையில் பையனுக்கு டியூஷன் பணம் கட்ட வேண்டும்.

இரண்டு பெயிண்டர்களைக் கேட்டோம். ஒருவர் 18,000, இன்னொருவர் 16,500. பொங்கல் நெருங்குகிறது, வில்லிவாக்கம் முழுக்க வேலை நடக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்களே அடித்துக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

30-12-2024, திங்கள்

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க செலவுல தாராளமா பண்ணிக்கோங்க, லைட் கலரா இருக்கணும்" என்றார். காசு தர மாட்டார் என்பது தெரிந்ததுதான். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது இங்கே வழக்கமாயிற்றே. அதை மட்டும் பிடிக்கக் கூடாது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவருடைய "ஓகே"வை வாங்கி வைத்துக்கொண்டேன். வாடகைக்கு இருக்கும் யாரும் சுவரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

2-1-2025, வியாழன்

டேப்பை வைத்துச் சுவர்களை அளந்தோம். கதவு, ஜன்னல் போக ஹால் 380 சதுர அடி, அம்மாவின் அறை 340, சமையலறை ஆரஞ்சுச் சுவர் 150. மேல்தளம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 110 சதுர அடி வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அம்மா கேட்டாள்: "சுண்ணாம்பு அடிச்சாப் போதாதா மக்களே? என்னத்துக்கு இவ்வளவு செலவு?" குளச்சல் பக்கத்தில் தாத்தா வீட்டுக்கு வருஷா வருஷம் மார்கழியில் சிப்பிச் சுண்ணாம்புதான். காளவாயில் சுட்ட சிப்பியைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையால் அடிப்பார்கள். அடித்த அன்று மங்கலாக இருக்கும் சுவர் காய்ந்த பிறகு கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகிவிடும். அம்மா அரைமணி நேரம் இதையே சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு நிற்காது. சுண்ணாம்பு காரைக்குள் ஊறி, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகுகிற பொருள். ஏற்கெனவே பெயிண்ட் தோல் போர்த்திய சுவரில் அது ஊற வழியில்லை. மேலாக ஒட்டியிருந்து மாவாக உதிரும். அம்மாவின் தலையணையில் அது கொட்டக் கூடாது.

4-1-2025, சனி

காலையில் கண் பரிசோதனை. நன்றாக இருக்கிறது. தூசி மட்டும் ஆகவே ஆகாது என்று மறுபடியும் சொன்னார்கள். அங்கிருந்து நேராகத் தாம்பரத்தில் தங்கை வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு வந்தோம். சொட்டு மருந்து விடும் நேரங்களை ஒரு தாளில் எழுதித் தங்கை வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒரு வாரம் அவகாசம்.

மாலையில் ஹார்டுவேர் கடை. கடைக்காரர் முதலில் விலை கூடிய, கழுவக்கூடிய பெயிண்டைக் காட்டினார். நான் பிரைமர் கேட்டேன். "லைட் கலர்தானே அக்கா, நேரா ரெண்டு கோட்டு அடிச்சிடுங்க" என்றார். கீழ்வீட்டு அக்கா போன வருஷம் அப்படி அடித்து, நாலு கோட்டு ஆன பிறகும் அடியில் இருந்த சிவப்பு தெரிகிறது. பிரைமர் இல்லாமல் நான் வாங்குவதாக இல்லை.

வாங்கியது: தண்ணீரில் கலக்கும் பிரைமர் 10 லிட்டர் 1,280. சாதாரண உள்சுவர் எமல்ஷன், வெள்ளை, 20 லிட்டர் பக்கெட் 2,850. பட்டி 5 கிலோ 240. உப்புத்தாள் பத்து 150. ரோலர் இரண்டு 340. நாலு இஞ்ச், ரெண்டு இஞ்ச் பிரஷ் 210. ஒட்டும் டேப் 110. மஞ்சள் காவி, செங்காவி ஸ்டெய்னர் பாட்டில்கள் 170. விலையெல்லாம் வரி சேர்த்து. பெயிண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆட்டோ 120.

கடையில் மெஷினில் கலந்த நிறமாக வாங்கினால் செலவு கூடும். வெள்ளை வாங்கி நாமே கலந்துகொள்ளலாம், வெளிர் நிறத்துக்கு அது போதும்.

5-1-2025, ஞாயிறு

கட்டில், பீரோ எல்லாம் அறை நடுவுக்கு வந்தாகிவிட்டது. தரையில் விரிக்கப் பழைய பிளெக்ஸ் பேனர்கள். பையன் தெருமுனையில் கேட்டு வாங்கிவந்தான். பேப்பர் விரித்தால் ஊறிக் கிழியும்; பிளெக்ஸில் ஒரு சொட்டும் கீழே இறங்காது.

சுவரில் என்ன வகைப் பெயிண்ட் இருக்கிறது என்று தெரியாமல் மேலே அடிக்கக் கூடாது என்று அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லியிருந்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்த்தோம். ஹாலில் பஞ்சு பச்சையானது. அம்மா அறையில் ஊதாவானது. அப்படியென்றால் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட், பயமில்லை. சமையலறையில் எவ்வளவு தேய்த்தும் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அது எனாமல், எண்ணெய்ப் பெயிண்ட்.

எனாமல் மேல் எமல்ஷன் அடித்தால் பிடிக்காது, தோலாக உரிந்துவரும். பிடிக்க வேண்டுமானால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, வேறு பிரைமர் அடிக்க வேண்டும். செலவை விடத் தேய்ப்பதுதான் எனக்குக் கவலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எனாமல்களில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில், ஈயச் சேர்மங்களையே நிறமியாகப் போட்டார்கள். இந்த ஆரஞ்சு எந்த வருஷத்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. சமைக்கிற இடத்தில் அதைத் தேய்த்துத் தூளாக்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஒட்டி, உரியாமல் இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை, தூளாக்கினால்தான் ஆபத்து.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அடுக்களை அப்படியே கெடக்கட்டும். எண்ணப் பிசுக்குத் தொடச்சா போவும்லா" என்றாள். 150 சதுர அடி குறைந்தது.

6-1-2025, திங்கள்

மற்றச் சுவர்களையும் உலர்ந்தபடி தேய்க்கவில்லை. ஈரத்துணியால் நனைத்து நனைத்து உப்புத்தாள் போட்டோம். சேறாக வழிந்தது, துடைத்து எடுத்தோம். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டோம். நேரம் இரட்டிப்பு, ஆனால் வீட்டில் தூசி பறக்கவில்லை. அம்மா திரும்பி வரும்போது அவளுடைய போர்வை மடிப்பில் ஒரு துளித் தூளும் இருக்கக் கூடாது.

ஹால் ஜன்னலுக்குக் கீழே மட்டும் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஓதம். ஐப்பசி, கார்த்திகை மழை இன்னும் சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். நாளை அதன் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்த இடம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

7-1-2025, செவ்வாய்

தாள் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே எட்டிப் பார்த்தால் சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து சிமெண்ட் வைத்துப் பூசினார். உப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தோம். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு அடி மட்டும் இப்போதைக்கு பெயிண்ட் காணாது, பொங்கல் கழித்து நன்றாக வெயிலில் காய்ந்த பிறகுதான். ஈரச் சுவரை மூடினால் மூன்றே மாதத்தில் மறுபடி பொரியும், மொத்தக் காசும் பாழ்.

ஆணி ஓட்டைகளுக்கும் கீறல்களுக்கும் பட்டி வைத்தாயிற்று. சுவர் முழுக்கப் பட்டி பார்க்கக் காசும் இல்லை, தேவையும் இல்லை.

8-1-2025, புதன்

பிரைமர். ஹாலில் ஒரு கோட்டிலேயே கிளிப்பச்சை பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீர் போல வெளிறிவிட்டது. அம்மா அறையில் ஊதா விடவில்லை. காய்ந்த பிறகு நாவல்பழக் கறை பட்ட வேட்டி போல இருந்தது. மிச்ச பிரைமரை வைத்து அந்த அறைக்கு மட்டும் மாலையில் இரண்டாவது கோட்டு. நல்லவேளை, டப்பாவில் போட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு குவளைத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. தண்ணீர் கூடினால் சுவர் பரப்பு நிறைய வரும், ஆனால் மறைக்காது.

மறைக்கிற அந்தச் சக்தி டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியிலிருந்து வருகிறது. அம்மா ஊருக்குப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் உண்டு. சின்ன வயதில் மதிய வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. அந்தக் கருமணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் இந்த வெள்ளையை எடுக்கிறார்கள். விலை குறைந்த பெயிண்டில் இந்தப் பொடி குறைவு, சுண்ணாம்புக்கல் பொடி அதிகம். அதனால்தான் மலிவான பெயிண்ட் வாங்குகிறவர்கள் அடியில் பிரைமரை விடவே கூடாது. பிரைமரிடம் மறைக்கிற வேலையை ஒப்படைத்துவிட்டால், மேலே அடிப்பது சாதாரணப் பெயிண்டாக இருந்தாலும் போதும்.

9-1-2025, வியாழன்

நிறம் கலக்கும் நாள். அம்மாவைப் போனில் கேட்டேன். அம்மாவுக்கு நிறமெல்லாம் சேலை வழியாகத்தான். மாம்பழம், மயில்கழுத்து, அரக்கு, வெங்காயத்தோல் என்றுதான் சொல்வாள். "அப்பா போடுவாவளே, அந்தச் சந்தனம். உரைச்ச சந்தனமில்ல, நெத்தியில காஞ்ச பெறகு இருக்குமே, அது." இதற்கு மேல் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

முதலில் ஒரு டம்ளர் வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தேன். மஞ்சள் காவி மட்டும் விட்டால் கடலை மாவு போல வந்தது. ஒரு சொட்டு செங்காவி விழுந்ததும் சந்தனமாகத் திரும்பியது. நனைந்திருக்கும்போது ஒரு நிறம், காய்ந்த பிறகு ஒரு நிறம். ஆகவே சுவரில் ஒரு முழம் அடித்துக் காயவிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவில் டியூப்லைட் போட்டும் பார்த்தேன். வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுத்தது. இன்னும் சிறிது காவி சேர்த்தேன்.

பிறகு பக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கலந்தேன். 20 லிட்டருக்கு மஞ்சள் காவி 150 மில்லி, செங்காவி 20 மில்லி. பாதியை இன்றும் மீதியை நாளையும் கலந்தால் இரண்டும் ஒன்றாக வராது, சுவர் நடுவில் கோடு தெரியும். பையன் மரக்கட்டையால் முக்கால் மணி நேரம் கிண்டினான்.

10-1-2025, வெள்ளி

இன்று மட்டும் ஒரு பெயிண்டரை ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டோம், 1,200. மேல்தளமும் சுவரும் சேரும் இடத்தில் கோடு நேராக வராவிட்டால் எவ்வளவு நல்ல நிறமும் கெட்டுவிடும். அது எங்கள் கைக்கு வராது. வைகுண்ட ஏகாதசி என்பதால் விடியற்காலையிலேயே சொர்க்கவாசல் பார்த்துவிட்டு, நெற்றி நாமத்தோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

ரெண்டு இஞ்ச் பிரஷ்ஷை வைத்து, டேப் ஒட்டாமல், ஏணியில் நின்றபடி ஒரே இழுப்பில் நாலு அடிக் கோடு போட்டார். "மூச்சு விடாம இழுக்கணும்கா. கை மட்டும் போகக்கூடாது, தோள் போகணும்." எங்கள் பிரைமரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாதி பேர் இதுலதான் காசை மிச்சம் பிடிப்பாங்க" என்றார். முப்பது வருஷமாக மற்றவர்கள் வீட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. ஏணியிலிருந்து இறங்கும்போதெல்லாம் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் படுக்கச் சொன்னோம், தயங்கித்தான் படுத்தார். 1,200 ரூபாய் இந்த வேலைக்கு அதிகமே இல்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு அறைக்கும் ஓரக்கோடும் முதல் கோட்டும் முடிந்தது.

11-1-2025, சனி

இரண்டாவது கோட்டு, நாங்களே. கைத்தோள் வலி. பனி விலகி, சுவர் தொட்டால் குளிராமல் இருக்கும் நேரம் பார்த்துப் பத்து மணிக்கு மேல் தொடங்கினோம். ஊதா எங்கேயும் இல்லை.

12-1-2025, ஞாயிறு

காலை முழுக்க ஜன்னல்கள் திறந்தபடி. தரையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தேன். நாலு மணிக்குத் தங்கை அம்மாவைக் கூட்டிவந்தாள்.

அம்மா ஹாலில் நின்றாள். ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய் அங்கேயும் அப்படியே பார்த்தாள். "ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணுபோல இருக்கு" என்றாள். முழுக்க ஒன்றுபோல இருக்காது, இடது கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கண்ணும் சண்டை போடவில்லை போலிருக்கிறது. சுவரைக் கையால் தடவி, விரலை முகர்ந்தாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் கேட்டாள்.

ஆறு மணிக்கு ஹாலிலேயே மருந்து விட்டேன். கண் வெள்ளையாக இருப்பது நன்றாகத் தெரிந்தது.

13-1-2025, திங்கள், போகி

பெயிண்ட் பட்ட பேப்பர், டேப், தேய்ந்த ரோலர் எதையும் போகித் தீயில் போடவில்லை. மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்தோம். பிளெக்ஸைக் கழுவி மடித்து வைத்தாயிற்று.

கணக்கு: சாமான்கள் 5,350, ஆட்டோ 120, கூலி 1,200. மொத்தம் 6,670. எமல்ஷன் 14 லிட்டர்தான் செலவாயிற்று. ஏணி கொடுத்த கீழ்வீட்டு அக்கா, தன் வீட்டுச் சிவப்புச் சுவருக்கென்று 4 லிட்டரை 500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். முதலில் பிரைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கையில் மிச்சம் 830.

சமையலறை ஆரஞ்சாகவே இருக்கிறது. இடது கண்ணுக்கு மார்ச்சில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 2 லிட்டரை ஒரு டப்பாவில் ஊற்றி இறுக மூடி, மூடியின் மேல் கலவை அளவையும் தேதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு அடிக்கு.